எல்லையில் நிற்காத ரத்தம்

புதுதில்லி: ஹீமோபிலியா எனப்படும் குருதி உறையாமை நோய், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ள 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்று. சட்டத்தை இயற்றியது நாடாளுமன்றம். நோயாளியின் நரம்பில் ஏற்ற வேண்டிய மருந்தை வாங்கிக் கொடுக்கும் பொறுப்போ மாநில அரசுகளுடையது. பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் உள்ளன. தலைநகரின் கோப்புகளில் இந்த ஏற்பாடு சிக்கலற்றதாகவே தெரியும். ஒரு மாநிலத்தின் நடுப்பகுதியில் வாழ்பவருக்கும் அப்படித்தான். இரு மாநிலங்கள் ஒரே சாலையோரத்தில் சந்திக்கும் இடங்களில்தான் அதன் ஓட்டைகள் புலப்படுகின்றன.

அத்தகைய இடங்களுள் ஒன்று, கேரளத்தின் தென்கோடியில் உள்ள நெய்யாற்றின்கரை வட்டம். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் பாறசாலையைத் தாண்டினால் இஞ்சிவிளை. அதையடுத்துத் தமிழ்நாட்டின் களியக்காவிளை. ரப்பர்த் தோட்டங்களும் வாழைத் தோப்புகளும் எல்லைக்கு இருபுறமும் ஒன்றுபோலவே தொடர்கின்றன. இப்பகுதி மக்களின் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்குகின்றன.

திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் முன்வைத்த இணைப்புக் கோரிக்கையில் நெய்யாற்றின்கரையும் இடம்பெற்றிருந்தது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தென் வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே இருந்துவிட்டது. வருவாய்க் கிராமங்கள் பிரிந்தன, உறவுமுறைகள் பிரியவில்லை. பாறசாலையில் பெண் எடுப்பதும் விளவங்கோட்டில் பெண் கொடுப்பதும் இன்றும் தொடர்கின்றன.

மாநில எல்லைக்கும் ஒரு நோய்க்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஹீமோபிலியா பெரும்பாலும் தாய்வழியாக இறங்கும் நோய். திருமணமாகிச் செல்லும் பெண்ணோடு அதன் மரபணுவும் எல்லையைக் கடக்கிறது. அந்நோய்க்கு அரசு தரும் மருந்தும், நோயாளியின் பெயர் எழுதப்பட்ட பதிவேடும் அப்படிக் கடப்பதில்லை.

தாய் சுமக்கும் மரபணு

காயம் பட்டால் ரத்தம் தானாகவே உறைந்து நிற்பதற்கு, ரத்தத்தில் உள்ள பல புரதங்கள் ஒன்றையடுத்து ஒன்றாகச் செயல்பட வேண்டும். இவற்றை உறைவுக் காரணிகள் என்பர். இச்சங்கிலியில் எட்டாவது காரணி குறைந்திருந்தால் அது ஹீமோபிலியா ‘ஏ’. ஒன்பதாவது காரணி குறைந்திருந்தால் ஹீமோபிலியா ‘பி’. ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவர் ‘ஏ’ வகையுடன் பிறக்கிறார் என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட கணக்கு. ‘பி’ வகை அதைவிடப் பல மடங்கு அரிது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தின் மக்கள்தொகை 18.7 லட்சம். பிறப்பு விகிதத்தை அப்படியே பொருத்திப் பார்த்தால் அம்மாவட்டத்தில் மட்டும் ‘ஏ’ வகையினர் 180-க்கு மேல் இருக்கக்கூடும்.

இவ்விரு காரணிகளுக்கும் உரிய மரபணுக்கள் ‘எக்ஸ்’ குரோமோசோமில் உள்ளன. ஆணுக்கு ‘எக்ஸ்’ ஒன்றே என்பதால், அதில் பழுது இருந்தால் நோய் வெளிப்பட்டுவிடும். பெண்ணுக்கு இரண்டு உண்டு. ஒன்று பழுதானாலும் மற்றொன்று பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகிறது. அவர் நோயைச் சுமப்பவராகிறார். அவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர ஐம்பது விழுக்காடு வாய்ப்பு; ஒவ்வொரு மகளும் தாயைப் போலவே சுமப்பவராக ஐம்பது விழுக்காடு வாய்ப்பு. நோயுள்ள ஆணுக்கு, மரபணுப் பழுதில்லாத பெண்ணிடம் பிறக்கும் மகன்களுக்கு நோய் வராது. மகள்கள் அனைவரும் சுமப்பவர்களே. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் குடும்பங்களில் முன்பு யாருக்கும் இந்நோய் இருந்ததில்லை. மரபணுவில் புதிதாக நேர்ந்த மாற்றமே காரணம்.

விக்டோரியா மகாராணியின் வழித்தோன்றல்கள் வழியே ரஷ்ய, ஸ்பானிய அரச குடும்பங்களுக்குப் பரவியதால் இதற்கு ‘அரச நோய்’ என்ற பெயரும் உண்டு. ரஷ்ய இளவரசர் அலெக்சியைப் பீடித்தது ‘பி’ வகையே என்பது எலும்பு எச்சங்களின் மரபணுச் சோதனை மூலம் 2009-இல் உறுதியானது. அரண்மனைகளில் கண்டவுடன் வரலாறாகிய நோய், குடிசைகளில் ‘ராசியில்லாத தாய்’ என்ற பழியாகவே பல தலைமுறை நீடித்தது. சொந்தத்தில் மணமுடித்ததால் வந்தது என்ற பேச்சும் பரவலாக உண்டு. ஹீமோபிலியாவைப் பொறுத்தவரை அது சரியன்று. தாயிடமிருந்து வரும் ஒரேயொரு பழுதான மரபணு போதும். ஆனால் 13-ஆவது காரணிக் குறைபாடு, கிளான்ஸ்மன் நோய் போன்ற வேறு சில அரிய குருதிக் கசிவு நோய்கள் தாய் தந்தை இருவரிடமிருந்தும் வர வேண்டியவை. நெருங்கிய உறவில் மணமுடிக்கும் வழக்கமுள்ள தென்னிந்தியாவில் அவற்றுக்கு வாய்ப்பு கூடுதல். தொப்புள்கொடி விழுந்த இடத்தில் குழந்தைக்கு நாள்கணக்கில் ரத்தம் கசிந்தால் 13-ஆவது காரணியைச் சோதிப்பது அவசியம்.

ஆண், பெண் இருபாலருக்கும் வரும் வான் வில்லிபிராண்ட் நோய் இன்னொன்று. பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட் 1926-இல் விவரித்த இந்நோய், பரம்பரைக் குருதிக் கசிவு நோய்களிலேயே மிகப் பரவலானது. மாதந்தோறும் அளவுக்கு மீறிய உதிரப்போக்கு ஏற்பட்டும், ‘உடல்வாகு’ என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரையோடு அனுப்பிவைக்கப்படும் பெண்களில் ஒரு பகுதியினருக்கு இந்நோய் இருக்கக்கூடும். ஹீமோபிலியாவைச் சுமக்கும் பெண்கள் சிலருக்கும் காரணி அளவு வெகுவாகக் குறைந்து இதே தொல்லை ஏற்படுவதுண்டு.

வீங்கிய முழங்கால்

ஹீமோபிலியா உள்ளவருக்குச் சிறு கீறலில் உயிர் போய்விடும் என்பது பொதுவான தவறான எண்ணம். மற்றவர்களைவிட வேகமாக அவருக்கு ரத்தம் வருவதில்லை. நெடுநேரம் நிற்காமல் வருகிறது. உண்மையான ஆபத்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உள்ளது. காரணி அளவு இயல்பில் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இருப்பவர்களுக்கு எந்தக் காயமும் இன்றியே முழங்கால், கணுக்கால், முழங்கை மூட்டுகளுக்குள் ரத்தம் கசியும். குழந்தை தவழத் தொடங்கும் பருவத்தில் முட்டியில் நீலத் தழும்புகள், நடக்கத் தொடங்கியதும் மூட்டு வீக்கம், பால்பல் விழும்போது நிற்காத கசிவு என்று அது வெளிப்படும். ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் பிறகு தொடை கன்றிப்போவதே முதல் அறிகுறியாக அமைவதும் உண்டு. ஒரே மூட்டில் திரும்பத் திரும்பக் கசிவு ஏற்பட்டால் குருத்தெலும்பு அரிக்கப்பட்டு, பள்ளிப் பருவம் முடிவதற்குள் கால் மடங்கியபடியே நின்றுவிடும். தலைக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

இந்த வட்டாரத்துக்கே உரிய சிக்கல் ஒன்றையும் சொல்ல வேண்டும். தென் திருவிதாங்கூர் வர்ம மருத்துவத்துக்குப் பெயர்பெற்ற மண். களரியும் அடிமுறையும் வளர்ந்த ஊர்களில், மூட்டு பிசகினால் ஆசானிடம் சென்று எண்ணெய் தேய்த்து உழிச்சில் செய்துகொள்வது தலைமுறைகளாக வந்த வழக்கம். சுளுக்குக்கும் தசைப்பிடிப்புக்கும் அது பலன் தந்திருக்கலாம். ஆனால் ஹீமோபிலியா உள்ள சிறுவனின் வீங்கிய முழங்காலை அழுத்தித் தேய்ப்பது, கசிவை இன்னும் அதிகமாக்கும். சுளுக்கு என்று எண்ணி மருந்துக் கடையில் வாங்கிக் கொடுக்கும் ஆஸ்பிரின், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளும் ரத்தம் உறைவதைக் கெடுப்பவை. தசையில் போடும் ஊசியும் கூடாது. மருந்து கிடைக்கும்வரை செய்யத்தக்கது எளியது: மூட்டை அசைக்காமல் வைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஒற்றி, கட்டுப்போட்டு, காலை உயர்த்தி வைத்தல். அடிபடாமலே ஒரு பையனுக்கு மூட்டு அடிக்கடி வீங்கினால் அவனை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்ற செய்தியை ஆசான்களிடமும் கொண்டுசேர்ப்பது, அவர்களைப் போலிகள் என்று ஏசுவதைவிடப் பயன் தரும்.

மருத்துவமனைக்கு வந்த பிறகும் நோய் பிடிபடாமல் போகலாம். தட்டணுக்களின் எண்ணிக்கை இந்நோயாளிகளுக்கு இயல்பாகவே இருக்கும். ‘ஏபிடிடி’ எனப்படும் உறைவு நேரச் சோதனையில் மட்டுமே ஐயம் எழும். எந்தக் காரணி, எவ்வளவு குறைவு என்பதைக் காரணி அளவீட்டுச் சோதனைதான் சொல்லும்.

பிளாஸ்மாவும் அதற்குப் பின்னும்

குறைந்திருக்கும் காரணியை வெளியிலிருந்து நரம்பு வழியே செலுத்துவதே சிகிச்சையின் அடிப்படை. அறுபதுகளின் தொடக்கம்வரை முழு ரத்தமும் பிளாஸ்மாவும் மட்டுமே கைவசம் இருந்தன. அமெரிக்க ஆய்வாளர் ஜூடித் பூல், உறைந்த பிளாஸ்மாவை மெல்ல உருகவிடும்போது அடியில் தங்கும் படிவில் எட்டாவது காரணி செறிந்திருப்பதைக் கண்டறிந்தார். 1964-இல் வெளியான அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து வந்த ‘கிரையோ’ ரத்த வங்கியிலேயே தயாரிக்கக்கூடியது என்பதால், ஏழை நாடுகளுக்கு நெடுங்காலம் அதுவே துணை. ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவைச் சேர்த்துத் தயாரித்த செறிவு மருந்துகள் எழுபதுகளில் வந்தன. அவற்றோடு எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் ‘சி’யும் வந்தன. பிரிட்டனில் அந்தப் பேரழிவை ஆராய்ந்த விசாரணை ஆணையம், அரசும் மருத்துவத் துறையும் நோயாளிகளைக் கைவிட்டதை 2024 மே மாதம் வெளியிட்ட தன் அறிக்கையில் உறுதிப்படுத்தியது. இந்தியாவிலும் பரிசோதிக்கப்படாத ரத்தத்தால் ஹீமோபிலியா நோயாளிகள் தொற்றுக்கு ஆளாயினர். காசுக்கு ரத்தம் விற்கும் முறை, உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பையடுத்து, 1998 ஜனவரி முதல்தான் இங்கு ஒழிக்கப்பட்டது. வைரஸ்களை அழித்துத் தயாரிக்கும் செறிவு மருந்துகளும், ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்படும் மருந்துகளும் இப்போது புழக்கத்தில் உள்ளன.

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு யூனிட் எட்டாவது காரணி செலுத்தினால், ரத்தத்தில் அதன் அளவு இரண்டு விழுக்காடு உயரும். ஐம்பது கிலோ எடையுள்ளவரின் மூட்டுக் கசிவை நிறுத்த, அளவை நாற்பது விழுக்காட்டுக்கு உயர்த்த வேண்டுமென்றால் ஒரு தடவைக்கு ஆயிரம் யூனிட் தேவை. செலுத்திய மருந்தில் பாதி சுமார் 12 மணி நேரத்தில் கரைந்துவிடும். எட்டாவது, ஒன்பதாவது காரணிகள் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்று விலைக் கட்டுப்பாட்டுக்குள் வந்திருந்தாலும், கூலித் தொழிலாளியின் குடும்பம் சொந்தப் பணத்தில் ஆண்டு முழுவதும் வாங்கக்கூடிய மருந்து அன்று இது. கசிந்த பிறகு மருந்தேற்றுவதைவிட, கசியாமல் தடுக்க வாரந்தோறும் சிறிதளவு ஏற்றுவதே மூட்டுகளைக் காக்கும் வழி. சுவீடன் இதை ஐம்பதுகளிலேயே தொடங்கிவிட்டது. குறைந்த அளவில் கொடுத்தாலும் இம்முறை பயன் தரும் என்பதை இந்திய மருத்துவர்களின் அனுபவமும் காட்டியிருக்கிறது.

கடுமையான ‘ஏ’ வகை நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, செலுத்தப்படும் காரணியையே அந்நியப் பொருளாக எண்ணி அழிக்கும் எதிர்ப்புப் புரதங்கள் உடலில் உருவாகின்றன. அதற்குப் பின் வழக்கமான மருந்து வேலை செய்யாது. இவர்களின் நிலையை மாற்றியது எமிசிஸுமாப் என்ற மருந்து. எட்டாவது காரணி செய்யும் இணைப்பு வேலையை அது தானே செய்கிறது. தோலுக்கடியில் ஊசியாக வாரம் ஒருமுறையோ, இரண்டு அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறையோ போட்டால் போதும். குழந்தையின் மெல்லிய நரம்பைத் தேடி மீண்டும் மீண்டும் குத்த வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2017 நவம்பரில் அனுமதி பெற்ற இம்மருந்து ‘பி’ வகையினருக்குப் பயன்படாது.

லாட்டரிச் சீட்டும் பதிவு அட்டையும்

கேரள அரசு 2012-இல் தொடங்கிய காருண்யா நல நிதி, லாட்டரி வருவாயிலிருந்து ஏழைகளின் மருத்துவச் செலவை ஏற்ற திட்டம். ஹீமோபிலியா நோயாளிகளும் அதில் சேர்க்கப்பட்டனர். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. எல்லைக்கு அப்பால் சென்று கேரளச் சீட்டு வாங்கும் பழக்கம் குமரி மாவட்டத்தில் இன்றும் உண்டு. அவர்களின் பணத்திலும் ஒரு துளி, பாறசாலைப் பக்கத்துச் சிறுவனின் மருந்தாக மாறியிருக்கும். அதே நோயுள்ள களியக்காவிளைச் சிறுவனுக்கு அந்த நிதியில் பங்கில்லை.

பின்னர் வந்த ‘ஆசாதாரா’ திட்டம், மருத்துவக் கல்லூரிகளோடு நின்றிருந்த சிகிச்சையை மாவட்ட, வட்ட மருத்துவமனைகளுக்கும் கொண்டுசெல்லும் நோக்கத்துடன் அமைந்தது. 18 வயதுக்குட்பட்ட ‘ஏ’ வகைக் குழந்தைகளுக்கு எமிசிஸுமாப் வழங்கும் முடிவைச் சுகாதார அமைச்சர் வீணா ஜார்ஜ் 2024-இல் அறிவித்தார். தமிழ்நாட்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் வாயிலாக உறைவுக் காரணி கட்டணமின்றி வழங்கப்படுகிறது. இந்தியாவின் பல வட மாநிலங்களை நோக்க, இவ்விரு மாநிலங்களும் முன்னே நிற்கின்றன என்பதில் ஐயமில்லை.

குறை இரண்டுக்கும் இடையில் உள்ளது. பாறசாலைக்கு வடக்கே திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி. தெற்கே ஆசாரிப்பள்ளத்தில் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி. இரண்டும் ஏறத்தாழ ஒரே தொலைவு. கசிவு தொடங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து ஏற வேண்டும் என்பது உலக ஹீமோபிலியா கூட்டமைப்பு உள்ளிட்ட அமைப்புகள் வலியுறுத்தும் நெறி. நோயாளிக்கு எது பக்கம் என்பதை அவர் நிற்கும் இடம்தான் தீர்மானிக்கிறது. பாட்டி வீட்டுக்குப் பள்ளி விடுமுறையில் வந்த சிறுவனும், எல்லைக்கு அப்பால் ரப்பர்ப் பால் வெட்டவோ கட்டட வேலைக்கோ சென்ற தொழிலாளியும் தங்கள் குடும்ப அட்டை எந்த மாநிலத்தது என்று பார்த்து ரத்தம் கசிய விடுவதில்லை. அவசர நேரத்தில் எந்த அரசு மருத்துவரும் நோயாளியைத் தொட மறுக்கப்போவதில்லை. ஆனால் விலை உயர்ந்த மருந்தின் இருப்பு, பதிவு செய்த நோயாளிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட்டே வாங்கப்படுகிறது. வாரந்தோறும் போட வேண்டிய தடுப்பு மருந்து, ஒரு மாநிலத்தின் பதிவேட்டில் பெயருள்ளவருக்கானது. மணமாகி எல்லை தாண்டிய பெண், நோயுள்ள மகனோடு தாய்வீட்டுக்குத் திரும்ப நேர்ந்தால் புதிய முகவரிச் சான்று, புதிய பதிவு, புதிய காத்திருப்பு என்று தொடங்க வேண்டும்.

நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டுக்கு வந்துகொண்டிருந்த நீர் 2004-இல் நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நீருக்காக இரு மாநிலங்களும் வழக்கறிஞர்களை அமர்த்துகின்றன. மருந்துக்காக இரு சுகாதாரச் செயலாளர்கள் ஒரு மேசையில் அமர்வது அவ்வளவு கடினமானதாக இருக்க முடியாது. எல்லை வட்டங்களில் ஒரு மாநிலத்தின் பதிவு அட்டையை மற்ற மாநிலத்தின் மருத்துவமனை ஏற்பது, செலவான மருந்தை ஆண்டு இறுதியில் கணக்குத் தீர்ப்பது, நோயாளியின் வகை, காரணி அளவு, எதிர்ப்புப் புரதம் உண்டா என்ற விவரங்களைத் தமிழிலும் மலையாளத்திலும் அட்டையில் அச்சிடுவது ஆகியவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தத்தம் மொழியிலேயே அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ள, கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் ஏற்கெனவே வழிவகுத்துள்ளது. மாநிலங்களின் ஹீமோபிலியா மருந்துச் செலவுக்குத் தேசிய சுகாதார இயக்கத்தின் வழியே பணம் தரும் மத்திய அரசு, எல்லை மாவட்டங்களுக்கு இதை ஒரு நிபந்தனையாகவே வைக்கலாம்.

சட்டத்தின் கணக்கு

மத்திய அரசு செய்ய வேண்டிய வேலை வேறொன்றும் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஹீமோபிலியா இருக்கிறது. குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாதவர்களுக்கு உயர்கல்வியில் ஐந்து விழுக்காடு ஒதுக்கீடும் இருக்கிறது. ஆனால் அரசு வேலையில் நான்கு விழுக்காடு ஒதுக்கீடு தரும் 34-ஆவது பிரிவு, பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, இயக்கக் குறைபாடு முதலிய வகைகளை மட்டுமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ரத்தக் கோளாறுகளைக் குறிப்பிடவில்லை. ஹீமோபிலியா உள்ள இளைஞர் மூட்டுகள் முடங்கிய பிறகு, இயக்கக் குறைபாடு உள்ளவராகத்தான் அப்பட்டியலில் நுழைய முடியும். தவறாமல் மருந்தேற்றி மூட்டைக் காப்பாற்றிக்கொண்டவருக்கு இடமில்லை. மரம் ஏறவும் சுமை தூக்கவும் பாறை உடைக்கவும் இயலாத அவருக்கு மேசை வேலையே வழி என்பதைச் சட்டம் எண்ணிப் பார்க்கவில்லை.

நோயை வேரிலேயே தீர்க்கும் முயற்சியில் தமிழ்நாட்டுக்கு ஒரு சிறப்பிடம் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழு, கடுமையான ‘ஏ’ வகை நோயாளிகள் ஐவரின் குருதி மூலச் செல்களை எடுத்து, அவற்றில் எட்டாவது காரணிக்கான மரபணுவைச் சேர்த்து, அவர்களுக்கே திருப்பிச் செலுத்தியது. ஐவரின் கண்காணிப்புக் காலத்தையும் கூட்டினால் வரும் 81 மாதங்களில் ஒருவருக்கும் கசிவு ஏற்படவில்லை என்பது 2024 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. ‘பி’ வகைக்கு 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மரபணு மருந்து ஒன்றின் விலை 35 லட்சம் டாலர் என்பதோடு ஒப்பிட்டால், இங்கேயே உருவாகும் சிகிச்சையின் பொருள் விளங்கும். மூலச் செல்களை ஏற்கச் செய்ய முதலில் வலிமையான மருந்துகள் கொடுக்க வேண்டியிருப்பதாலும், ஐவர் மட்டுமே பங்கேற்ற ஆய்வு என்பதாலும் இது நாளையே நெய்யாற்றின்கரை மருத்துவமனைக்கு வந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

அதற்குள் செய்யக்கூடியது, நோயுள்ள பையனின் அக்காவையும் சித்தியையும் சித்தியின் மகளையும் தேடிச் சென்று பரிசோதிப்பது. இரு மாநிலங்களின் பதிவேடுகளும் நோயாளிகளுக்கானவை. சுமக்கும் பெண் பெரும்பாலும் நோயாளியாகக் கருதப்படுவதில்லை. பாறசாலையில் ஒரு சிறுவனுக்கு நோய் உறுதியானால், விளவங்கோட்டில் வாழ்க்கைப்பட்ட அவன் சித்திக்கு அந்தச் செய்தி உறவினர் வாயிலாகப் போனால்தான் உண்டு. அரசின் வழியாகப் போவதற்கு இப்போது பாதை இல்லை. அவர் சுமப்பவர் என்று முன்பே தெரிந்திருந்தால் பேறுகாலத்தில் ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுப்பதைத் தவிர்க்கலாம். பிறந்த உடனே தொப்புள்கொடி ரத்தத்தில் காரணி அளவைப் பார்க்கலாம். அவர் விரும்பினால் கருவிலேயே மரபணுச் சோதனை செய்துகொள்ளலாம். கருவின் பாலினத்தைத் தெரிவிப்பதைத் தடைசெய்யும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம், பாலினத்தோடு பிணைந்த மரபுநோய்களைக் கண்டறியும் சோதனைக்கு அனுமதி அளிக்கிறது. அந்தச் சோதனை உரிய காலத்துக்குள் செய்யப்பட வேண்டியது.